தலைசுற்றல், தலைவலி: எந்த டெஸ்ட், எந்த வரிசையில், எப்படி ஏற்பாடு செய்வது

டெல்டா மாவட்டங்களில் ‘மயக்கமா வருது’ என்று மாதக்கணக்கில் அலைபவரின் மஞ்சள் பையைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று கழுத்து எக்ஸ்ரே, மற்றது மூளை ஸ்கேன். எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று எழுதியிருக்கும், ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. மயக்கம் மட்டும் அப்படியே இருக்கும். படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்தார்களா, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, தலையைச் சாய்த்துக் காதைச் சோதித்தார்களா என்று கேட்டால் பதில் வராது. ஆயிரக்கணக்கில் செலவாகும் டெஸ்ட் முதலில் நடந்துவிட்டு, ஐந்து நிமிட டெஸ்ட் நடக்காமலே போவதுதான் இங்கே அடிக்கடி காணும் கோளாறு. எந்த டெஸ்ட் தேவை என்பதை நோயாளி சொல்லும் விவரம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே ஏற்பாட்டையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வரிசை பார்க்கக் கூடாத நேரம்

முதலில் விதிவிலக்கு. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் லேப், பஸ், ‘காலையில பாத்துக்கலாம்’ எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

- ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும் தலைவலி. ‘மண்டையில் சம்மட்டியால் அடித்த மாதிரி’ என்பார்கள்.
- வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிதல், பிடிமானம் இல்லாமல் உட்காரவோ நிற்கவோ முடியாத தலைசுற்றல்.
- காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து கழுத்து விறைத்தல், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுதல், வலிப்பு.
- நெஞ்சுவலி அல்லது படபடப்போடு மயங்கி விழுதல். வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுவதும் இதில் சேரும்.
- கர்ப்பத்தில் 20 வாரத்துக்கு மேல், அல்லது பிரசவமாகி 6 வாரத்துக்குள், விடாத கடும் தலைவலி.
- தலையில் அடிபட்ட பின் திரும்பத் திரும்ப வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம்.
- தலைவலியோடு ஒரு கண் சிவந்து பார்வை மங்குதல்.

போக வேண்டியது சி.டி. ஸ்கேனும் 24 மணி நேர டாக்டரும் உள்ள இடம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மேற்கே இருப்பவர்களுக்குத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போவதா, நேரே கல்லூரி மருத்துவமனைக்கா என்பதை 108 ஊழியரிடமே கேளுங்கள். தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு ஊசி போட்டுட்டுப் போவோம்’ என்று நிறுத்தினால் அரை மணி போய்விடும். அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. விடியற்காலை விழுந்து கிடந்ததைப் பார்த்தால், இரவு எத்தனை மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். வழியில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரஷர் மாத்திரையை நாக்கடியில் வைக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று விழுந்தால் மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும். சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும்.

சைக்கிளிலிருந்தோ பாத்ரூமிலோ விழுந்த முதியவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமும் வந்தால், அது மெதுவாகச் சேர்ந்த ரத்தக் கசிவாக இருக்கலாம். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். அன்றைக்கே சி.டி. எடுக்க வேண்டும். விழுந்ததையே எல்லாரும் மறந்திருப்பார்கள் என்பதால் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

விவரத்தைத் தயார் செய்தல்

‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லில் நாம் குறைந்தது நாலு சங்கதிகளைச் சொல்கிறோம். கூரையும் சுவரும் ராட்டினம் போலச் சுற்றுவது ஒன்று. இதற்குப் பெரும்பாலும் காதும், சில சமயம் சிறுமூளையும் காரணம். எழுந்ததும் கண் இருட்டி விழப் போவது போல இருப்பது இரண்டாவது. இதில் பிரஷர், இதயம், ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, நடந்தால் மட்டும் தள்ளாடுகிறது, இருட்டில் இன்னும் மோசம் என்றால் கால் நரம்பும் பி12-ம் நினைவுக்கு வர வேண்டும். தலை மிதப்பது போல, மந்தமாக, நாள் முழுக்க இருப்பது நாலாவது. தூக்கம், மனப்பதற்றம், ஒற்றைத் தலைவலி, சாப்பிடும் மாத்திரைகள் என்று காரணம் பரந்து கிடக்கும். ‘பித்தம் ஏறிடுச்சு’ என்று சொன்னால் டாக்டருக்கு இந்த நாலில் எது என்று தெரியாது.

ஆனால் சொல்லை மட்டும் நம்பவும் முடியாது. இன்று ‘சுத்துது’ என்பவர் நாளை ‘கிறுகிறுங்குது’ என்பார். அதைவிட உறுதியானவை இரண்டு: எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது. புரண்டு படுத்ததும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிய பிரச்சினை. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்து, காது அடைத்து, இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்தால் மெனியர் என்ற உள்காது நோயைச் சந்தேகிப்பார்கள். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் காது நரம்பின் அழற்சி அல்லது சிறுமூளைப் பக்கவாதம். இவ்விரண்டில் எது என்பதை டாக்டர் நேரில் கண்ணசைவைப் பார்த்துத்தான் பிரிப்பார். அதுவரை சும்மா இருக்கக் கூடாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரே வரி: ‘செவ்வாய், விடியற்காலை 5.40, வலது பக்கம் புரண்டேன், சுற்றல் அரை நிமிடம், குமட்டல், வாந்தி இல்லை’. தலைவலி என்றால் எந்தப் பக்கம், தெறிக்கிறதா அழுத்துகிறதா, வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லையா, என்ன மாத்திரை போட்டீர்கள், எத்தனை மணிக்குக் குறைந்தது என்று எழுதுங்கள். பெண்கள் மாதவிடாய் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே பாதி நோய் வெளியே வந்துவிடும். மாத்திரை எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், கலப்பு மாத்திரையை 10 நாளுக்கு மேல் என மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். இதை எந்த ஸ்கேனும் காட்டாது. நோட்டு காட்டும்.

சுற்றல் வந்திருக்கும்போது வீட்டார் யாராவது செல்போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து அரை நிமிடம் வீடியோ எடுக்க முடிந்தால் எடுத்து வைக்கவும். கருவிழி ஒரு பக்கமாகத் துடிக்கிறதா, எந்தப் பக்கம் என்பது காது டாக்டருக்குப் பெரிய துப்பு. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது அது நின்றிருக்கும்.

மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது எல்லாமே. வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடையில்லாமல் போகத் தரும் டாம்சுலோசின், எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கிவிடும். தலைசுற்றலுக்கென்றே வருஷக்கணக்கில் சாப்பிடும் சின்னரிசின் முதியவர்களுக்குக் கை நடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் கொண்டு வரும். பிறகு அந்தத் தளர்ச்சிக்கு இன்னொரு ஸ்கேன் எடுப்பார்கள்.

வீட்டிலேயே முடியும் இரண்டு சோதனைகள்

பிரஷர் கருவி மேல் கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டுக் கருவி வேண்டாம். காபி, புகை முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து ஒரு முறை பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. நீரிழப்பு, மாத்திரை அளவு, சர்க்கரையால் கெட்ட நரம்பு என்று காரணத்தைத் தேடலாம். நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், விழுந்துவிடுவார். கிளினிக்கில் உட்கார்ந்து மட்டும் பார்த்து ‘பிரஷர் நார்மல்’ என்று எழுதுவதால்தான் இது தவறிப் போகிறது. நேர்மாறான தவறும் உண்டு: தலைவலி வந்த நேரத்தில் 150/90 இருந்தால் ‘பிரஷர்தான் காரணம்’ என்று முடிவு கட்டுவது. அந்த அளவு பொதுவாகத் தலைவலி தராது. வலியே பிரஷரைக் கொஞ்சம் ஏற்றும். 180/120-க்கு மேல் இருந்து, கூடவே பார்வை மங்கல், குழப்பம், மூச்சுத் திணறல் இருந்தால் அது அவசரம்.

இரண்டாவது சோதனை சர்க்கரை. மயக்கம் வரும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும், மறுநாள் காலை பார்த்துப் பயனில்லை. 70-க்குக் கீழே இருந்தால் தாழ்சர்க்கரை. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து, விழுங்க முடிகிறவருக்கு மட்டும் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அமாவாசை, கிருத்திகை விரதத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சோற்றை விடுவதால்தான் நம்மூரில் இது பலருக்கு வருகிறது.

முதல் கட்ட ரத்தப் பரிசோதனை

இதற்குத் தஞ்சாவூர் போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வட்ட அரசு மருத்துவமனையிலோ காலையில் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானவை அங்கேயே முடியும். எழுதக் கேட்க வேண்டியவை: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம் பொட்டாசியம், தைராய்டு டி.எஸ்.எச்., இ.சி.ஜி. சைவம் மட்டும் சாப்பிடுபவர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுபவர், கால் மரத்துப் போகிறவர் என்றால் பி12-ம் சேர வேண்டும்.

ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13-க்கும், பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. நடவு, களையெடுப்பு என்று குனிந்து நிமிரும் வேலை செய்யும் பெண்களிடம் 8, 9 இருப்பது அதிசயமில்லை. நிமிரும்போது கண் இருட்டுவதை அவர்கள் வெயில் மேல் போட்டுவிடுவார்கள். சோடியம் 135-க்குக் கீழே போவது, பிரஷருக்காக நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களிடம் அடிக்கடி வரும். தள்ளாட்டம், மந்தம், தலைவலி மூன்றையும் அதுவே தரும். கத்திரி வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு உப்பையும் குறைத்தவர்களிடம் இன்னும் இறங்கும். மயங்கி விழுந்த ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி. கட்டாயம். அது சரியாக இருந்தும் மறுபடி விழுந்தால் இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் சோதனை கேட்க வேண்டும். அதற்குக் கல்லூரி மருத்துவமனையோ இதய டாக்டரோ தேவை.

வெறும் வயிற்றுக் கணக்கில்தான் பலர் சிக்குகிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 முதல் 10 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீர் குடிக்கலாம். மற்றவற்றுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரவு ஏழுக்குச் சாப்பிட்டு, காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் நின்று பத்தரைக்கு ரத்தம் கொடுத்தால் பதினைந்தரை மணி நேரம் ஆகிவிடுகிறது. தலைசுற்றலுக்கு டெஸ்ட் எடுக்க வந்தவர் அங்கேயே விழுவார். ஆகவே ரத்தத்தை அருகிலேயே கொடுத்துவிட்டு, தூரத்துக்கு ஸ்கேனுக்கும் சிறப்பு டாக்டருக்கும் மட்டும் போங்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் ரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பிறகுதான். பிரஷர் மாத்திரையை வழக்கம் போல ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம். டிபன் பாக்ஸில் நாலு இட்லி கையோடு இருக்கட்டும்.

வயல், மழை, ஜெனரேட்டர்

மருந்து அடித்த அன்றோ மறுநாளோ தலைவலி, தலைசுற்றல், எச்சில் ஊறல், வியர்வை, கண் பாப்பா சுருங்குதல் இருந்தால் அது பூச்சிமருந்து விஷம். டப்பாவை அல்லது அதன் லேபிளைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகை என்று தெரிந்தால் கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், ஆனால் அதற்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கும். போகும் முன் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் தோல் வழியே இன்னும் ஏறாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய்ச்சலோடு தலைவலி என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றையும் நினைக்க வேண்டும். டெங்குக்கான என்.எஸ்.1 முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் பயன். எலிக்காய்ச்சலின் ஐ.ஜி.எம். எலைசா ஒரு வாரம் நெருங்கும்போதுதான் தெரியத் தொடங்கும், இரண்டாம் நாளில் ‘நெகட்டிவ்’ வந்ததை நம்பி விட்டுவிடக் கூடாது. சேற்றில் இறங்கினீர்கள், கெண்டைக்கால் வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலுக்கு அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிற்றின் அடியில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் புண் இருக்கலாம். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு கரன்ட் இல்லாமல் ஜெனரேட்டரோடு நாள்களை ஓட்டிய ஊர்கள் இங்கே நிறைய. ஜெனரேட்டரைத் தாழ்வாரத்திலோ மூடிய அறையிலோ வைத்தால் வரும் கார்பன் மோனாக்சைடு, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு தரும். வெளியே வந்தால் குறையும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அப்போதும் 98 காட்டி ஏமாற்றும். அந்த வாயு ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கார்பாக்சி ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் வேலை எல்லாரையும் வாசலுக்குக் கொண்டு வருவது.

காது

படுக்கையில் புரளும்போது, கொடியில் துணி போட அண்ணாந்து பார்க்கும்போது நொடிக்கணக்கில் சுற்றுகிறது என்றால் ஸ்கேன் வேண்டாம், காது மூக்கு தொண்டை டாக்டர் போதும். டிக்ஸ்-ஹால்பைக் என்பது சோதனையின் பெயர். கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாத்தி, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி வைப்பார்கள். சில நொடி கழித்துக் கருவிழி சுழன்று துடித்தால் நோய் உறுதி, எந்தக் காது என்பதும் அப்போதே தெரியும். தொடர்ந்து அதே கட்டிலிலேயே எப்லி முறையில் தலையைத் திருப்பித் திருப்பித் துகளை உரிய இடத்துக்கு உருட்டிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையில் சரியாகும். மாத்திரையால் துகள் நகராது. கழுத்தில் ஆபரேஷன் ஆனவர், எலும்பு பலவீனமானவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீடியோவைப் பார்த்து வீட்டில் முதல் முறை முயல வேண்டாம். எந்தக் காது என்று தெரியாமல் உருட்டினால் துகள் பக்கத்துக் குழாயில் போய் மாட்டும்.

இந்தச் சோதனை செய்யும் டாக்டர்தானா என்று போகும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘படுக்க வைச்சு தலையைத் திருப்பிப் பாப்பீங்களா’ என்று கேட்டாலே போதும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம், வாந்தி வரும். திரும்பி வரும்போது வண்டி ஓட்ட ஆள் வேண்டும்.

காது இரைச்சலோ கேட்கும் திறன் குறைவோ இருந்தால், கேட்கும் அளவைப் பார்க்கும் ஆடியோகிராம். முதலில் காதில் உள்ள அழுக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குறைபாடு பொய்யாகக் கூடித் தெரியும். ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அது நாள் பார்க்கும் விஷயமில்லை. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. கண்ணாடி மாட்டிக் கண்ணசைவைப் பதியும் வி.என்.ஜி. சோதனை பெரிய ஊர்களில்தான் உண்டு. அதற்கு முந்தைய ஓரிரு நாள் தலைசுற்றல் மாத்திரையை டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும், காபி கூடாது, கண் மை கண்டிப்பாகக் கூடாது. மையைக் கருவிழி என்று கேமரா நினைத்துக்கொள்ளும். காதில் குளிர்ந்த, வெதுவெதுப்பான நீரோ காற்றோ விடுவார்கள். அப்போது சுற்றுவதுதான் சரியான விளைவு, பயப்பட வேண்டாம்.

கண்

தலைவலிக்குக் கண் டாக்டரிடம் அனுப்புவது கண்ணாடிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். கண்ணின் உட்புறம் பின்பக்கம் உள்ள நரம்புத் தட்டு வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். உடல் எடை கூடிய இளம்பெண்களுக்குக் குனிந்தால் கூடும் தலைவலி, நொடி நேரப் பார்வை மறைப்பு இருந்தால் இந்தக் கண் சோதனையை விடவே கூடாது. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிப்பதால் நாலைந்து மணி நேரம் கூசும், மங்கும். டூவீலர் ஓட்டி வர வேண்டாம். அதே நாளில் ஸ்கேன் படிவத்தில் கையெழுத்து, வங்கி வேலை என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேன்: எது, எப்போது

புதிய ரத்தக் கசிவு, தலைக்காயம், திடீர்த் தலைவலிக்குச் சி.டி. சில நிமிடங்களில் முடியும். சம்மட்டித் தலைவலிக்கு முதல் 6 மணி நேரத்தில் எடுத்தால் மிகத் துல்லியம். நேரம் போகப் போகத் துல்லியம் குறைவதால், தாமதமாகப் போனால் முதுகுத் தண்டு நீரையும் எடுத்துப் பார்க்க நேரலாம். ஆனால் சிறுமூளை, மூளைத் தண்டுப் பகுதியின் அடைப்பைச் சி.டி. பெரும்பாலும் காட்டாது. சுற்றியுள்ள கெட்டி எலும்பு படத்தைக் கெடுத்துவிடும். ‘சி.டி. நார்மல்’ என்று அனுப்பப்பட்டும் நிற்க முடியாமல் இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. தேவை. அதுவும் முதல் ஓரிரு நாளில் பொய்யாக நார்மல் காட்டக்கூடும் என்பதால், அறிகுறி நீடித்தால் மறுபடி எடுப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. சீட்டில் ‘மூளை’ என்று மட்டும் இருந்தால் போதாது. என்ன சந்தேகம் என்பதை டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பிரசவமானவர், கருத்தடை மாத்திரையோ திருவிழா, கல்யாணத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப் போடும் ஹார்மோன் மாத்திரையோ சாப்பிட்டவர் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சிரை ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வீனோகிராம் சேர்க்க வேண்டும். அது சாதாரணச் சீட்டில் வராது. சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடுவதால் தவறிப் போகும் நோய் இது.

பேஸ்மேக்கர், மூளை ரத்தநாளக் கிளிப், காது உள்வைப்பு, கண்ணில் இரும்புத்துகள் பட்ட வெல்டிங் பட்டறை ஆட்கள், கர்ப்பம்: இவற்றை நாள் வாங்கும்போதே சொல்லுங்கள், மேசையில் படுத்த பிறகு வேண்டாம். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. நடைமுறையில் தகராறு தாலியில் வருகிறது. மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தால் கழற்றுவது சுலபம். சங்கிலியாக இருந்தால் கொக்கி இரும்பு கலந்ததாக இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் முந்தின நாளே பேசி, வெறும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வருவது இங்கே வழக்கத்தில் உள்ள தீர்வு. மெட்டி, அரைஞாண், தாயத்து, ஊக்கு, ஹேர்பின், கழற்றும் பல் செட் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். இருபது வருஷமாகத் திருகிய மூக்குத்தி ஸ்கேன் வாசலில் கழலாது. தட்டாரிடம் முந்தின நாள் கழற்றி வாருங்கள். ஜரிகைச் சேலை வேண்டாம், பருத்திச் சேலை போதும்.

அரை மணி முதல் முக்கால் மணி வரை அசையாமல் இருக்க வேண்டும். சத்தம் தட்டுமுட்டுச் சாமான் உருட்டுவது போல இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவார்கள். மூடிய இடம் பயம் என்றால் முன்பே சொல்லுங்கள். தலை அசைந்த படத்துக்கும் அதே கட்டணம்தான். படுத்தாலே சுற்றும் என்றால் வாந்திக்கான மருந்தை முன்கூட்டிக் கேட்டுப் போட்டுக்கொள்ளவும். சாய மருந்து ஊசி போடுவதாக இருந்தால் கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் திருப்பி அனுப்பப்படுவது தினமும் நடக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர் மெட்ஃபார்மின் சாப்பிட்டால், சி.டி. சாய ஊசிக்குப் பின் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். நடந்து வந்து எடுத்துப் போகும் எல்லா ஸ்கேனுக்கும் இது பொருந்தாது. சீட்டு வாங்கிய கையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள், அல்லது 1800 425 3993.

தேவையில்லாமல் எடுக்கப்படுபவை

கழுத்து எக்ஸ்ரே: நாற்பது வயதுக்கு மேல் யாருக்கு எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கும். சுற்றலுக்கு அது காரணம் என்று நிரூபிக்காது. இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு): வலிப்புச் சந்தேகம் இல்லாத தலைவலிக்கு வேலையில்லை. சைனஸ் எக்ஸ்ரே: வெளிச்சம் பட்டால் கூடும் ‘சைனஸ் தலைவலி’யில் பெரும்பகுதி ஒற்றைத் தலைவலி. கழுத்து டாப்ளர் (கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன்): பக்கவாத அறிகுறி இல்லாத வெறும் மயக்கத்துக்கு எதையும் சொல்லாது. ‘முழு உடல் பரிசோதனை’ப் பேக்கேஜில் ஐம்பது டெஸ்ட் இருந்தாலும், படுத்தும் நின்றும் பிரஷர் பார்ப்பது அதில் இருக்காது.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலிக்கு மட்டும் கையைச் சுருக்க வேண்டாம். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளை எடுக்க வேண்டும், ஸ்கேனுக்கும் நியாயம் உண்டு. மென்றால் தாடை வலிக்கிறது, நெற்றிப்பொட்டில் ரத்தக்குழாய் தடித்து நோகிறது என்றால் அன்றைக்கே. பார்வை போகக்கூடிய நோய் அது.

ரிப்போர்ட் வந்த பிறகு

படத்தையும் அது பதிந்த குறுந்தட்டையும் சேர்த்து வாங்குங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பினால் அங்குள்ள டாக்டர் படத்தைத்தான் பார்ப்பார், இல்லாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார். எக்ஸ்ரே படத்தைச் சுருட்டவோ வண்டி டேங்க் மேல் வெயிலில் வைக்கவோ கூடாது. ‘வெள்ளைப் பகுதியில் சிறு புள்ளிகள்’, ‘அரக்னாய்டு நீர்க்கட்டி’, ‘சைனஸ் சவ்வுத் தடிப்பு’ போன்ற வரிகள் தலைவலியே இல்லாதவர் படத்திலும் வரும். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடும் முன் எழுதிய டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில், புதியது மேலே இருக்கும்படி அடுக்கவும். முதல் பக்கத்தில் ஒரு தாள்: வயது, சர்க்கரை, பிரஷர், ஒவ்வாத மருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரை, படுத்து நின்ற பிரஷர் எண்கள். நரம்பியல் ஓ.பி. எல்லா நாளும் இருக்காது. எந்தக் கிழமை என்று முன்னமே விசாரித்து, காலை ஏழரைக்குள் வரிசையில் நிற்கும்படி போனால் அன்றே டாக்டரைப் பார்த்து, மதியத்துக்குள் ஸ்கேனுக்கு நாளும் வாங்கிவிடலாம்.